லேபிள் உரிந்த ஒயின்

மனைவியிடம் ஒரு பொய் சொல்வது என்று தீர்மானித்தேன். ஒன்றே ஒன்றுதான். அதுவும் என் சுகத்துக்காக இல்லை. ஒரு பெட்டி பிரெஞ்சு ஒயினை அநியாயமாக அடுத்தவன் வாய்க்குள் போகாமல் காப்பாற்றுவதற்காக.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிறவன். எங்கள் தெருமுனை ஒயின் கடைக்காரர் அன்றைக்குக் கண்ணாடி வாங்க வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"கிடங்குல குழாய் வெடிச்சிருச்சு சார். பாட்டில் மேல இருந்த லேபிளெல்லாம் உரிஞ்சு போச்சு. ஒரு பெட்டி பிரான்ஸ் வெள்ளை ஒயின். உள்ள இருக்கறது தங்கம். ஆனா பேரில்லாத பாட்டிலை எவன் வாங்குவான்? கால் விலைக்குத் தள்ளிடலாம்னு இருக்கேன்."

சாயங்காலமே போய் ஒரு பாட்டில் வாங்கினேன். அங்கேயே திறந்து ஒரு மிடறு ஊற்றிக் கொடுத்தார். அடடா! பச்சை ஆப்பிளைக் கடித்த மாதிரி நாக்கில் சுள்ளென்று ஒரு குளிர்ச்சி. பின்னாலேயே வெண்ணெய் மாதிரி ஒரு வழுவழுப்பு. எனக்கு உடனே அந்தப் பெட்டி முழுவதும் வேண்டும் என்று தோன்றியது. பர்ஸுக்கு அப்படித் தோன்றவில்லை. சம்பளத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

"எடுத்து வைங்களேன், வந்து வாங்கிக்கறேன்."

"இடம் இல்ல சார். முதல்ல வர்றவங்களுக்குக் கொடுத்துடுவேன்."

முதலில் வரப்போவது யார் என்று எனக்குத் தெரியும். என் மச்சான். மனைவியின் தம்பி. எங்கள் மாடி வீட்டிலேயே குடியிருக்கிறான். அவனையும் ஒரு பாட்டிலையும் ஒரே அறையில் விட்டால், கொஞ்ச நேரத்தில் அவன் மட்டும்தான் இருப்பான். அவன் காதில் விழுந்தால் குடியிருப்பு முழுக்கப் பரவிவிடும். ஆகவேதான் அந்தப் பொய்: இந்த ஒயின் வாயில் வைக்க விளங்காது!

அன்றிரவுச் சாப்பாட்டுக்குப் பூசணிக்காய் சூப். என் மனைவியின் பெருமைக்குரிய படைப்பு. சுவரில் காகிதம் ஒட்ட மிகவும் உகந்தது.

"எப்படிங்க இருக்கு?"

"பிரமாதம்!"

பதினாறு வருடத் தாம்பத்தியத்தில் நான் அதிகம் உபயோகித்த சொல் அதுதான். உயிர் காக்கும் சொல்.

அப்போது மச்சான் மாடியிலிருந்து இறங்கி வந்தான். வாசனை பிடித்துத்தான் வந்திருப்பான்.

"என்ன அத்தான், புது பாட்டிலா?"

"ஐயோ, அதை ஏன் கேக்கறே மாப்ள! ஏமாந்துட்டேன்." ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்தேன். தேவாமிர்தம். முகத்தைக் கோணிக்கொண்டேன். "த்தூ! ஓட்டை வாளித் தண்ணியில புளியைக் கரைச்ச மாதிரி இருக்கு."

"அவ்வளவு மோசமா?" என்றாள் மனைவி.

"விஷம்னே சொல்லலாம்."

"அப்புறம் ஏங்க இன்னொரு டம்ளர் ஊத்தறீங்க?"

"காசு கொடுத்து வாங்கினதாச்சே. கீழ கொட்ட மனசு வரல. நானே கஷ்டப்பட்டுக் குடிச்சுத் தீர்த்துடறேன். உங்களுக்கு எதுக்கு இந்தத் தண்டனை?"

"கண்ணை ஏன் மூடிக்கறீங்க?"

"வேதனை."

மச்சான் மரியாதையாக மாடி ஏறிவிட்டான். நான் கை கழுவி வந்தபோது மனைவி பாட்டிலை மூடிக்கொண்டிருந்தாள். பாவம், என் தியாகத்தைப் பார்த்து வாயடைத்துப் போயிருந்தாள்.

மறுநாளிலிருந்து பிரச்சாரம். லிப்டில் ஒருவர் விடாமல் பிடித்துச் சொன்னேன். "முனைக் கடையில லேபிள் இல்லாத ஒயின் விக்கறான், ஏமாந்துடாதீங்க. என் வயிறு இன்னும் எரியுது." கேட்டவர்கள் என் தோளைத் தட்டி நன்றி சொன்னார்கள். அதில் ஒரு பல் டாக்டர் மாத்திரையே கொடுத்தார்.

சம்பளம் வந்தது. கடைக்கு ஓடினேன்.

"பெட்டியா? போச்சே சார்," என்றார் கடைக்காரர். "எந்தப் புண்ணியவானோ கெட்ட ஒயின்னு கதை கட்டிட்டான். ஒரு பய வாங்க வரல. கடைசியில கால் விலையிலயும் பாதிக்குக் கொடுத்துட்டேன். ஒரு அம்மா வந்து மொத்தத்தையும் அள்ளிட்டுப் போனாங்க. கூட வந்த ஒரு தம்பிதான் பெட்டியைத் தூக்கிட்டுப் போனாரு."

பல் டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பையில் தேடினேன். இந்தத் தடவை நிஜமாகவே தேவைப்பட்டது.

வீட்டுக்கு வந்தேன். பால்கனியில் மனைவி. பக்கத்தில் மச்சான். நடுவில் பனிக்கட்டி வாளி. அதில் கழுத்தை நீட்டிக்கொண்டு லேபிள் இல்லாத பாட்டில்.

"வாங்க அத்தான்! நீங்க சொன்ன விஷம்தான். ரெண்டாவது டோஸ் போயிட்டிருக்கு."

நான் சிரித்துக்கொண்டே ஒரு டம்ளரை எடுத்தேன். "சரி, நானும் ஒரு வாய்..."

மனைவி டம்ளரைப் பிடுங்கிக்கொண்டாள். "ஐயையோ, வேண்டாங்க! அன்னைக்கு நீங்க பட்ட வேதனையை இந்தக் கண்ணால பார்த்தேனே. மறுபடியும் உங்களை அந்தக் கஷ்டத்துல விடுவேனா?"

"அது வந்து... உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நீங்க கை கழுவப் போனப்போ ஒரு வாய் குடிச்சுப் பார்த்தேன்."

"நான்தான் விஷம்னு சொன்னேனே! எந்தத் தைரியத்துல குடிச்சே?"

அவள் நிதானமாக இன்னொரு மிடறு குடித்தாள். "நல்லா இல்லாத எதையாவது நீங்க இந்த வீட்டுல நல்லா இல்லைன்னு சொல்லியிருக்கீங்களா? பதினாறு வருஷத்துல முதல் தடவையா வாயைத் திறந்து 'மோசம்'னீங்க. அப்பவே புரிஞ்சுபோச்சு, இது ஏதோ அபாரமான சரக்குன்னு."

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் என்ன வரும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு அது எப்போதோ உறைத்துவிட்டது போலிருக்கிறது. எழுந்து உள்ளே போனவள் ஆவி பறக்கும் கிண்ணத்தோடு வந்து என் முன்னால் வைத்தாள். பூசணிக்காய் சூப்.

"குடிச்சுப் பார்த்துட்டுச் சொல்லுங்க. எப்படி இருக்கு?"

மோசம் என்று சொல்லத் துணிச்சல் இல்லை. வேறு வார்த்தையும் பழக்கம் இல்லை.

"பிரமாதம்," என்றேன்.

"தெரியும்," என்று சொல்லி, இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினாள்.