காந்தம் கிழித்த காலண்டர் தாள்

இந்த உலகத்தில் யாரையுமே நம்பாத மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் சிதம்பரத்தில் எங்கள் ஆபீசில், எனக்கு அடுத்த மேஜையில் உட்கார்ந்திருந்தார். தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்து போவார். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் 'காந்தம்'.

பழைய நாணயம் சேர்ப்பவர். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது என்பதால் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் காந்தம் வைத்திருப்பார். நாணயத்தோடு விட்டாரா என்றால் இல்லை. ஒரு நிச்சயதார்த்தத்தில், வெள்ளித் தட்டு என்று பெருமையாக நீட்டிய தாம்பூலத் தட்டில் சும்மா ஒட்டிப் பார்த்தார். பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. அந்த வீட்டுக்காரர்கள் இன்றுவரை அவரோடு பேசுவதில்லை.

நாணயங்களை அவர் ஆன்லைன் ஏலத்தில்தான் வாங்குவார். பாவம், விற்பவர்கள். எடை எவ்வளவு, விளிம்பின் படம் எங்கே, போலி என்று தெரிந்தால் திருப்பி எடுப்பாயா என்று போலீஸ் விசாரணை நடக்கும். கடைசியில் ஒரு நிபந்தனை. அன்றைக்குக் கிழித்த காலண்டர் தாள்மேல் நாணயத்தை வைத்துப் படமெடுத்து அனுப்ப வேண்டும்.

"நெட்ல எவன் படத்தையோ சுட்டுப் போட்டு ஏலம் வுடுவானுங்க மச்சான். இன்னிக்குத் தாள் மேல வெச்சா, காசு அவன் கையிலதான் இருக்குன்னு தெரிஞ்சிடும்ல?"

ராஜஸ்தான்காரர் ஒருவர், தம் ஊரில் தினம் கிழிக்கிற காலண்டரே கிடையாது என்று கெஞ்சினார். காந்தம் அசரவில்லை. ஒரு முழுத் தினசரி காலண்டரை கூரியரில் அனுப்பிவைத்தார். அந்த மனிதர் இப்போது ராகுகாலம் பார்த்துத்தான் கடை திறக்கிறார் என்று கேள்வி.

பார்சல் வந்துவிட்டால் ஆபீசில் வேலை நின்றுவிடும். நான் செல்போனில் வீடியோ எடுக்க வேண்டும். "கவர் கிழியலை, சீல் ஒடையலை, இதோ பிரிக்கிறேன்" என்று அவர் வர்ணனை கொடுப்பார். பிறகு குட்டித் தராசில் எடை. உள்ளே வேறு காசு இருந்தால் அந்த வீடியோதான் சாட்சி. ஒருமுறை மேனேஜர் ஃபைலோடு குறுக்கே வந்துவிட்டார்.

"சார், வெளிய போங்க. சாட்சியைக் கெடுக்காதீங்க."

மேனேஜர் ஃபைலோடு அப்படியே திரும்பிப் போனார்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சட்டம் ஒன்று இருந்தது. ஏலத்துக்கு முன்பே, கமிஷன், வரி, தபால் செலவு எல்லாம் சேர்த்து உச்சத் தொகையைக் காலண்டர் தாளின் பின்னால் எழுதிவிடுவார். அதற்குமேல் ஒரு ரூபாய் ஏறினாலும் விட்டுவிடுவார். ஆசைப்பட்டவன் கையில் போன் இருக்கக் கூடாது என்பார்.

அந்தச் சட்டத்தில் நானே மாட்டினேன்.

என் மாமனார் வீடு மங்கலம்பேட்டையில். அங்கே எந்தக் கல்யாணமானாலும் பந்தக்கால் குழியில் நவதானியத்தோடு ஒரு ராஜா தலை வெள்ளி ரூபாயைப் போடுவார்கள். கல்யாணம் முடிந்ததும் எடுத்துப் பத்திரப்படுத்துவார்கள். மாமனாரின் அப்பா பிறந்த வருஷம் அதில் பொறித்திருக்கும். மூத்த மச்சான் கல்யாணத்தில் அதை எடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். நான் பந்தியில் கவனமாக இருந்துவிட்டேன். மறுநாள் பந்தல்காரர்கள் மூங்கிலைப் பிடுங்கிக் குழியை மூட, நாலு நாளில் வாசலுக்கு சிமென்ட் தளமும் போட்டாயிற்று. பிறகு உடைத்துப் பார்த்தோம், மண்தான் வந்தது.

மாமனார் கோபிக்கவில்லை. அதுதான் கொடுமை. "போனா போவுது மாப்ள. சின்னவ கல்யாணத்துக்குள்ள அதே வருஷத்துக் காசு ஒண்ணு கொண்டாந்துடுங்க" என்றார் அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால். நானும் மீசையை நீவிக்கொண்டு சரி என்றுவிட்டேன்.

மாதக்கணக்கில் தேடியதில் அந்த வருஷத்துக் காசு ஒரு ஏலத்தில் வந்தது. உடனே, விற்பவன் நான்தான் என்று ஒருவன், ஏலத்துக்கு வெளியே பாதி விலைக்குத் தருகிறேன், என் நம்பருக்குப் பணம் அனுப்பு என்று செய்தி அனுப்பினான். அனுப்ப இருந்தேன். காந்தம் என் கையைத் தட்டிவிட்டார். "வெளிய பணம் போனா போனதுதான் மச்சான், யாரும் கேக்க மாட்டாங்க." பிறகு காலண்டர் தாளைக் கிழித்து என் உச்சத் தொகையை எழுதினார். ஆறாயிரம்.

ஏலம் முடியும் சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்தோம். கடைசி நிமிஷங்களில் விலை ஆறாயிரத்து இருநூறைத் தொட்டது. என் போனைப் பிடுங்கித் தம் பையில் போட்டுக்கொண்டார்.

"எரநூறு ரூபாதான் மச்சான்!"

"எரநூறுலதான் எல்லாரும் அழிஞ்சாங்க. டீயக் குடி."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரோ வயிறு சரியில்லை என்று கடைக்குப் பின்பக்கம் போய்க் கால் மணி நேரம் கழித்து வந்தார். அதற்குள் காசு யாருக்கோ போய்விட்டது. பத்து நாள் நான் அவரோடு பேசவில்லை. என் மனைவி என்னோடு பேசவில்லை. "தங்கச்சி பந்தக்காலுக்கு நீங்க வரவே வேணாம்" என்பதுதான் அவள் கடைசியாகச் சொன்னது.

மானத்தை விட்டுப் போனேன். பந்தக்கால் நடும் நேரத்தில், விருத்தாசலம் பக்கமிருந்து வந்த பஸ்ஸிலிருந்து காந்தம் இறங்கினார். ஒரு கவரைக் கையில் திணித்தார். நான் அவசரமாகப் பிரிக்கப் போனேன்.

"நில்லு! வீடியோ எடுக்காம பிரிக்காத!"

மூத்த மச்சான் வீடியோ எடுக்க, "கவர் கிழியலை" என்று காந்தம் வர்ணனை தொடங்க, மொத்தச் சொந்தமும் சுற்றி நின்று பார்த்தது. காலண்டர் தாளில் மடித்த வெள்ளி ரூபாய் வெளியே வந்தது. மாமனார் கண்ணாடியைப் போட்டு வருஷத்தைப் படித்தார். கண் கலங்க, என் தோளைத் தட்டினார்.

"எங்க கெடச்சுது?" என்றேன் காந்தத்திடம்.

"வீட்ல கெடந்துது. அந்தப் பேப்பரக் குடு."

கொடுக்கவில்லை. திருப்பிப் பார்த்தேன். ஏலம் நடந்த அன்றைய தாள். பின்பக்கம் அவர் கையெழுத்தில் ஆறாயிரத்து ஐந்நூறு என்று எழுதி அடித்திருந்தது. ஏழாயிரம், அடித்திருந்தது. எட்டாயிரம், 'இதுக்கு மேல கூடாது' என்று இரண்டு கோடு போட்டு, அதையும் அடித்திருந்தது. அதற்குக் கீழே தொகை எதுவும் எழுதவில்லை.

எட்டாயிரத்துக்கு மேலேயே எண்ணிக் கொடுத்தேன். ஆறாயிரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார். "உன் தாள்ல அவ்ளோதான் எழுதியிருக்கு."

கல்யாணம் முடிந்ததும் குழியை நானே தோண்டிக் காசை மாமனாரிடம் ஒப்படைத்தேன். தாளை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை.