வேகத்தடைக்குத் தெற்கே உள்ள தார்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய அன்புராஜ் மாமா அவர்களுக்கு,

புதுவாயலிலிருந்து உங்கள் மைத்துனன் பூவராகவன் வணங்கி எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி செல்வியும் உடம்பளவில் சுகம். அங்கே நீங்களும், அக்காவும், அக்காவின் முட்டிவலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவல். கையில் போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். எங்கள் ஊர் டவர் நிற்பது, ரோட்டில் எனக்குப் பக்கத்தில் நெல் காயப் போடுகிற ஆசீர்வாதத்தின் மச்சான் நிலத்தில். நான் உங்களிடம் பேசுவதெல்லாம் அந்தக் குடும்பத்தைத் தாண்டித்தான் ஆர்.கே.பேட்டைக்கு வந்து சேரவேண்டும். அதனால்தான் தபால்.

விஷயத்துக்கு வருகிறேன். சொர்ணவாரி அறுவடை முடிந்துவிட்டது. நெல்லில் ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் திருப்பி விடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் வருஷச் சாப்பாடும் அடுத்த போகத்து உழவும் இந்த நெல்லில்தான் இருக்கிறது. வழக்கம்போல மூடிக்கிடக்கும் இரும்புக் கம்பெனிக்குப் போகிற தார் ரோட்டில் காயப் போட்டிருக்கிறேன். என் இடத்துக்கு எல்லை: வடக்கே வேகத்தடை, தெற்கே கம்பெனி கேட்டு, கிழக்கே சாக்கடை, மேற்கே வேலிகாத்தான் புதர். இந்த நான்கெல்லைக்குள் உள்ள தார் முழுவதும் என் அனுபவத்தில் இருப்பது. வேகத்தடைக்கு வடக்கே ஆசீர்வாதத்தின் ராஜ்யம். ரோடு சர்க்காருடையதாயிற்றே என்று நீங்கள் கேட்பீர்கள். சர்க்காருடையதுதான், அதில் தகராறே இல்லை. தகராறு எனக்கும் ஆசீர்வாதத்துக்கும்தான். ரோடு போட்ட அன்றைக்கே, தார் ஆறுவதற்குள், முதலில் நெல்லைக் கொட்டியவன் நான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட நெல் இன்னும் தாரிலேயே இருக்கிறது. எந்தக் கோர்ட்டுக்கு வேண்டுமானாலும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவேன்.

இங்கே வசிப்பவர்கள் என்று பார்த்தால், காக்கை, மைனா, யாருடையது என்று ஒருவரும் ஒப்புக்கொள்ளாத ஆடுகள், பக்கத்துக் கம்பெனிகளில் ஷிப்டு முடிந்து குறுக்கே நடக்கிற வடநாட்டுப் பையன்கள், கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற வாட்ச்மேன் சாலமோன். பையன்கள் நல்லவர்கள், செருப்பைக் கழற்றிவிட்டு நெல்லைத் தாண்டுகிறார்கள். எளாவூர் பக்கமிருந்து வழி தப்பி வருகிற லாரிக்காரர்கள்தான் நெல்லைப் பார்த்ததும் ஏதோ மெத்தை விரித்து வரவேற்ற மாதிரி நேரே ஏறிவிடுகிறார்கள். அதற்காகத்தான் நெல்லைச் சுற்றி வரிசையாகக் கல் வைப்பது. அந்தக் கல்வரிசைதான் எங்கள் ஊரில் எல்லை. அதை இன்னொருத்தன் தொடக்கூடாது. அடுத்தவன் பெண்டாட்டி நகையைத் தொடுகிற மாதிரி அது.

மாமா, அந்தக் கல்லை ஆசீர்வாதம் நகர்த்துகிறான். நான் காலை நாஷ்டாவுக்கு வீட்டுக்குப் போய்விட்டு வருவதற்குள் வேகத்தடையை ஒட்டியிருந்த என் கல்லெல்லாம் தெற்கே வந்திருக்கின்றன. நெல்லையும் பலகையால் தள்ளி ஒதுக்கியிருக்கிறான். நான் திரும்ப வடக்கே தள்ளினால், நான் தண்ணீர் குடிக்கப் போகிற நேரம் பார்த்து மறுபடி தெற்கே தள்ளுகிறான். சரி, பிடித்த இடத்தில் தன் நெல்லைப் போடுகிறானா என்றால் ஒரு மணிகூடப் போடவில்லை. சும்மா காலியாக விட்டிருக்கிறான். எனக்கு விளங்காததே அதுதான். நெல் போட்டிருந்தால் நெல்லுக்காகப் பிடித்தான் என்று விட்டுவிடலாம். காலியாக வைத்திருக்கிறான் என்றால் ஏதோ பெரிய திட்டம் இருக்கிறது. ஒருவேளை நாளைக்குப் பெட்டிக்கடை போடுவான்.

நேராகவே கேட்டுவிட்டேன். "இன்னாத்துக்கு என் கல்ல நவுத்தற?" என்றேன். அவன் பீடியை வாயிலிருந்து எடுக்காமலே, "நவுத்தி வெச்சேன், இன்னா இப்போ? உன் நெல்ல நானா துன்னுட்டேன்?" என்றான். "துன்னாலும் துன்னுவ" என்றேன். "பேஜார் பண்ணாத நைனா, போய் நெல்லக் கிளறு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். குற்றம் இல்லாதவன் இப்படியா பேசுவான்? சாலமோனைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், "நான் கேட்டுக்கு உள்பக்கம் பாக்கறதுக்குத்தான் சம்பளம் வாங்குறேன்" என்கிறான். கம்பெனி மூடி இத்தனை காலம் ஆகிறது, உள்ளே என்ன இருக்கிறது பார்க்க? அவனையும் வளைத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது, செல்வி மேலேயும் எனக்குச் சந்தேகம். மத்தியானம் மோர்ச் சொம்போடு வேகத்தடையைத் தாண்டிப் போகிறாள். அந்தப் பக்கமிருந்து ஆசீர்வாதத்தின் மனைவி கருவாட்டுக் குழம்பைக் கிண்ணத்தில் மூடி எடுத்து வருகிறாள். "நாம இங்க சண்டைல கீறோம், நீ அங்க மோர் குடுக்கற" என்றேன். "நீதான் சண்டைல கீற, நான் மோர்தான் குடுக்கறேன்" என்கிறாள். குழம்பை நானும் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதற்காக உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது.

ஆகவே மாமா, சர்வே ஆபீசில் காலமெல்லாம் ஊரார் நிலத்தை அளந்தவர் நீங்கள், சொந்த மைத்துனனின் ரோட்டையும் ஒருதரம் அளந்து கொடுக்கவேண்டும். சங்கிலியையும் சிவப்பு வெள்ளைக் கம்பையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். பேன்ட் போட்டுக்கொண்டு வாருங்கள், வேட்டி கட்டி வந்தால் ஆசீர்வாதம் பயப்பட மாட்டான். பஸ்ஸில் யார் கேட்டாலும் கல்யாணத்துக்குப் போகிறேன் என்றே சொல்லுங்கள். அவன் உறவுக்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். உங்கள் வீட்டுக் குழந்தைகள் நோய்நொடி இல்லாமல் இருக்க வீரராகவப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எல்லையில் நிற்கும்,
பூவராகவன்

பின்குறிப்பு: கவர் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் மழை பிடித்துக்கொண்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று ஓடிவந்து பார்த்தால், ஆசீர்வாதமும் அவன் மனைவியும் செல்வியுமாக என் நெல்லைக் குவித்துத் தார்ப்பாயால் மூடிவிட்டிருந்தார்கள். தார்ப்பாய் அவனுடையது. என்னுடையது வீட்டுப் பரணில் இருக்கிறது. அவன் நெல் வடக்கே நனைந்துகொண்டிருந்தது. வேகத்தடைக்கு இந்தப் பக்கம், அவன் காலியாக வைத்திருந்த இடத்தில், கணுக்கால் மூழ்குகிற தண்ணீர். "அந்த எடத்துல தண்ணி நிக்கும்னுதாம்பா நவுத்தினேன். சொன்னா நீ கேக்கற ஆளா?" என்றான். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் என் நெல்லைத்தான் முதலில் மூடியிருப்பேன் மாமா.

சங்கிலி வேண்டாம். மழை விட்டு வெயில் வந்தும் அவன் பக்கம் இன்னும் சொதசொதவென்று இருப்பதால் அவன் நெல்லை நானே இழுத்து வந்து கேட்டுப் பக்கமாக என் தாரில் பரப்பி, சுற்றிக் கல்லும் வைத்துக் கொடுத்திருக்கிறேன். பாதி ரோடு போய்விட்டது. காய்ந்ததும் காலி செய்துவிடுவதாகத்தான் சொல்கிறான். செய்கிறானா, பார்ப்போம்.