வேதசிரோமணிக்கு வாங்கிய மாலை

அன்றைக்குக் காலையில் பல் விளக்கும்போதே ஒரு பெரிய முடிவு எடுத்தேன். ஒரே ஒரு பொய் சொல்வது. அதை என் பெண்டாட்டி கிளியம்மாளிடமே சொல்வது. மாட்டிக்கொள்ளாமல் வீடு திரும்புவது.

முதல் ரெண்டும் நடந்தது.

காரணம் ஒரு தட்டு நூடுல்ஸ். சிரிக்காதீர்கள். உங்களுக்கும் அப்படி ஏதாவது ஒன்று இருக்கும். நீங்கள் வெளியே சொல்ல மாட்டீர்கள், அவ்வளவுதான்.

கோவிலம்பாக்கத்து ஆள் நான். பேர் சிட்டிபாபு. தாலியில் மஞ்சள் காய்வதற்கு முன்னால் சிங்கப்பூருக்கு ஏற்றிவிட்டார்கள். கப்பல் பட்டறையில் பெயிண்ட் அடிக்கிற வேலை. கப்பலுக்கு ஒரு கோட்டு அடித்தால் எனக்கு ஒரு கோட்டு தானாக விழும். வாரம் முழுக்க ரூமில் பருப்புச் சோறு. சனிக்கிழமை மட்டும் ஒரு சீனக் கிழவர் கடைக்குப் போவேன். அந்த மனுஷன் சட்டியைத் தீயில் வைக்கமாட்டார். தீயைச் சட்டிக்குள்ளே கூப்பிடுவார். அதுவும் வந்து ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போகும்.

ரிப்பன் மாதிரி பட்டை பட்டையாக அரிசி நூடுல்ஸ். அதில் இறால், முட்டை, பயறு முளை, கறுப்பாக ஒரு சாஸ். குவே தியாவ் என்று பேர். வாயில் போட்டால் முதலில் புகை. அப்புறம் இனிப்பு. அப்புறம் உறைப்பு. கடைசியில் கண்ணில் தண்ணீர். அது மிளகாயால் வந்த தண்ணீரா, ஊர் ஞாபகத்தில் வந்த தண்ணீரா என்று நான் ஆராய்ச்சி பண்ணவில்லை. இன்னொரு தட்டு வாங்கினேன்.

ஊருக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. தலை நரைத்தது, முட்டி தேய்ந்தது. அந்த வாசனை மட்டும் தேயவில்லை. மேடவாக்கம் ரோட்டில் எந்த ஃபாஸ்ட் ஃபுட் வண்டியில் கரண்டி சத்தம் கேட்டாலும் நின்று மூக்கைத் தூக்குவேன். அது இல்லை. மறுபடி நடப்பேன். மழை நாளில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் நாக்குக்கு அடியில் அந்தப் புகை வந்து நிற்கும். விழுங்கினால் வெறும் எச்சில்.

இதற்கு நடுவில் சுகர் வேறு வந்து சேர்ந்தது. அன்றையிலிருந்து கிளியம்மாள் எனக்குத் தினை, சாமை, வரகு என்று போட்டு வளர்க்கிறாள். புறா வளர்க்கிற மாதிரி. இன்னும் கொஞ்ச நாளில் மொட்டைமாடி கம்பியில் உட்கார்ந்து குனுகப் போகிறேன்.

அப்போதுதான் கேபிள் டிவியில் விளம்பரம் வந்தது. நாவலூரில் ஆசிய உணவுத் திருவிழா. ஜப்பான், கொரியா, தாய்லாந்து என்று ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, கடைசியில் ஒரு சட்டி. அதில் தீ. தீக்குள் ரிப்பன்.

“இன்னாய்யா, உன் குய்யோ முறையோ வந்துட்ச்சி போல” என்றாள் கிளியம்மாள். குவே தியாவுக்கு அவள் வைத்திருக்கும் பேர் அது.

“யாருக்கு வேணும் அதெல்லாம்?” என்றேன். சொன்ன வாயைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

‘கூட்டிக்கொண்டு போகிறாயா’ என்று கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் வரும் பதில் எனக்குத் தெரியும். வரகு உப்புமா.

அதனால்தான் பொய். பொய்க்குச் சாவுதான் வசதி. கல்யாணம் என்றால் கூடவே கிளம்புவாள். ஆஸ்பத்திரி என்றால் எனக்கு முன்னால் கிளம்புவாள். ஆனால் உயிரோடு இருக்கிற யாரையும் கொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆகவே, இல்லாத ஒருத்தனைப் பிறக்கவைத்து, படிக்கவைத்து, வேலைக்கு அனுப்பி, அன்றைக்குக் காலையிலேயே சாகடித்தேன். பேர் வேதசிரோமணி.

“கிளி, ஒரு துக்கம்.”

“யாரு?”

“வேதசிரோமணி. சிங்கப்பூர்ல என்கூட பெயிண்ட் அடிச்சவன். சிட்லபாக்கத்துல கீறான்... இருந்தான்.”

“இத்தினி வருசத்துல அந்தப் பேரை நீ சொன்னதே இல்லியே?”

“செத்தாத்தான சில பேரு ஞாபகம் வருது?”

“எப்படிச் செத்தாரு?”

“தூக்கத்துல.”

“குடுத்து வெச்சவரு. புள்ளைங்க?”

“ரெண்டு.” செத்தவன் நல்லவனாச்சே என்று ஒரு பெண் குழந்தையையும் சேர்த்தேன். “மூணு.”

“நானும் வரேன்.”

“ஐயோ, வேணாம் கிளி. சின்ன வூடு. உக்கார எடம் இருக்காது.”

“மூணு புள்ளைங்கள வெச்சிகினு சின்ன வூட்லயா இருந்தாரு? பாவம்யா.”

பாவம் என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். கால் மணி நேரம் கழித்து ஒரு பெரிய பையோடு வந்தாள். உள்ளே ரோஜா மாலை. தூக்கினால் தோள் இறங்குகிற கனம்.

“இது எதுக்கு?”

“துக்க வூட்டுக்கு வெறுங்கைய வீசிகினா போவ? இன்னாய்யா மூஞ்சிய சுளிக்கற?”

“துக்கம் கிளி. துக்கம்.”

குளித்தேன். இஸ்திரி போட்ட நீலச் சட்டை. லேசாகப் பவுடர். வாசல் கேட்டைச் சாத்திக்கொண்டே, “போயிட்டு வரேன் கிளி!” என்று சத்தமாகச் சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை. ஒரு ‘ம்’ கூட இல்லை. செத்தவனுக்கு மரியாதை பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் மாலைப் பையைப் பார்த்ததும் எனக்கு இடம் கொடுத்தார்கள். கண்டக்டர் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“யாருங்க பெரியவரே?”

“கூட வேலை செஞ்சவன்.”

சொல்லும்போதே கிழவர் கடைச் சட்டி கண் முன்னால் வந்துவிட்டது. எச்சிலை முழுங்கினேன். நான் துக்கத்தை முழுங்குகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டு முதுகில் தட்டிக் கொடுத்தார். சோழிங்கநல்லூரில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, நாவலூர் போய்ச் சேர்வதற்குள் வேதசிரோமணிக்காக ஆறேழு பேர் உச்சுக் கொட்டிவிட்டார்கள். எனக்கே அவன்மேல் கொஞ்சம் பாசம் வந்துவிட்டது.

மைதானம் முழுக்கப் பந்தல். ஒரு பக்கம் பச்சை மீனைச் சோற்றில் வைத்துச் சுருட்டுகிறார்கள். இன்னொரு பக்கம் முட்டைக்கோஸில் ஊறுகாய். பெரிய கம்பெனிப் பிள்ளைகள் ரெண்டு குச்சியை வைத்துக்கொண்டு ஒரு கொழுக்கட்டையைத் தட்டு முழுக்கத் துரத்திக்கொண்டு இருந்தார்கள். இந்த எல்லா வாசனைக்கும் அடியில், மூலையிலிருந்து, அது வந்தது.

அதேதான். அதே புகை.

முட்டி வலி மறந்துபோச்சு. ஆனால் வாசலிலேயே செக்யூரிட்டி பையைத் திறக்கச் சொன்னார்.

“மாலையா? யாருக்கு சார்?”

இருக்கிற ஆளுக்கும் இல்லை, செத்த ஆளுக்கும் இல்லை என்று எப்படிச் சொல்வது? “சமைக்கறவருக்கு” என்றேன், வாய்க்கு வந்தது.

பின்னால் மைக்கோடு ஒரு பெண் நின்றிருந்தாள். நிகழ்ச்சி நடத்துகிற பெண். கழுத்து அட்டையில் ஜென்சி என்று இருந்தது.

“அங்கிள்! செஃப்புக்கு மாலை வாங்கினு வந்தீங்களா? எந்த செஃப்?”

“அந்த... சிங்கப்பூர் நூடுல்ஸ்...”

“தினகரன் சாருக்கா! ஐயோ, சோ ஸ்வீட் அங்கிள்! வாங்க, ஸ்டேஜுக்கு வாங்க!”

“மேடையெல்லாம் வேணாம்மா. ஒரு தட்டு மட்டும்...”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். “எழுபது வயசுல ஒரு சூப்பர் ஃபேன்!” என்று மைக்கில் கத்தினாள். எனக்கு அறுபத்தி நாலுதான். அதைச் சொன்னேன். அது மட்டும் மைக்கில் விழவில்லை.

தினகரன் மேடைக்கு வந்தார். சீனக் கிழவரை எதிர்பார்த்த எனக்கு, கைலியை மடித்துக் கட்டினால் எங்கள் தெரு ஆள் மாதிரி ஒருத்தர்.

“தம்பி சிங்கப்பூர்ல எங்க கத்துக்கினீங்க?”

“நான் எங்கண்ணா போனேன்? நம்ம மேடவாக்கம். ஓட்டல்ல பெரிய செஃப்பு ஒருத்தரு கத்துக்குடுத்தாரு.”

சாவுக்கு வாங்கிய மாலையை உயிரோடு இருக்கிற மனுஷன் கழுத்தில் போட்டேன். “நூறு வயசு இருக்கணும் தம்பி” என்று அடிவயிற்றிலிருந்து சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. “வூட்லகூட யாரும் இப்படிச் சொன்னதில்லண்ணா. இருங்க, உங்களுக்குன்னு நானே ஒரு தட்டு போட்டு எடுத்தாரேன்” என்று மாலையோடேயே அடுப்புக்கு ஓடினார்.

எல்லாரும் கை தட்டினார்கள். எல்லாரும் நிறுத்தின பிறகும் முன்வரிசையில் ஒரு ஆள் மட்டும் நிறுத்தவில்லை.

அரக்குக் கலர் பட்டுப்புடவை. தலை நிறைய மல்லிகை. கிளியம்மாள்.

மேடையிலிருந்து எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. கால்தான் இறக்கியது.

“கை வலிக்குதுய்யா தட்டித் தட்டி” என்றாள். “ஆனா உன் வேதசிரோமணி பலே ஆளுதான். மாலை போட்டப்புறமும் எழுந்து போயி கரண்டி புடிக்கறாரே!”

“கிளி... நீ எப்படி...”

“போன்ல ஆட்டோ புக் பண்ணேன். நீ பஸ் மாறி மாறி அழுதுகினு வர்றதுக்குள்ள, நான் மூணு ரவுண்டு சுத்தி வந்துட்டேன்.”

“இல்ல, உனக்கு எப்படித் தெரியும்?”

“மொதல்ல மாலையப் பாத்து மூஞ்சிய சுளிச்ச. அப்பால பவுடர் போட்ட. அப்பக்கூட, போனா போவுது, மெய்யாலுமே சாவுதான் போலன்னு இருந்தேன்யா. கேட்டாண்ட நின்னு, போயிட்டு வரேன்னு பாடின பாரு! சாவு வூட்டுக்குப் போறவன் எவனாச்சும் போயிட்டு வரேன்னு சொல்லுவானா? பொறந்த கொழந்தைக்குக்கூடத் தெரியுமேய்யா!”

வாஸ்தவம். துக்கத்துக்குப் போகிறவன் சொல்லிக்கொள்ளாமல் படி இறங்க வேண்டும். நான் சந்தோஷத்தில் வழக்கம்போலச் சொல்லிவிட்டேன். வேதசிரோமணிக்கு மூணு பிள்ளைகளைக் கொடுத்தவனுக்கு, அந்த ஒரு வார்த்தையை விழுங்கத் தெரியவில்லை.

அதற்குள் தினகரன் தட்டோடு வந்துவிட்டார். ஒரு சின்ன பிளாஸ்டிக் மேசை, ரெண்டு ஸ்டூல். “அக்காவா? உக்காருங்கக்கா!” என்று தட்டை நடுவில் வைத்துவிட்டுப் போனார்.

பட்டை நூடுல்ஸ். இறால். முட்டை. கறுப்பு சாஸ். ஆவி என் மூக்குக் கண்ணாடியை மூடியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போடுவதற்குள், முள்கரண்டி கிளியம்மாள் கையில் இருந்தது.

“கிளி, எனக்கு...”

“உனக்கு சுகர்.”

“ஒரே ஒரு வாய்.”

அவள் ஒரு ரிப்பனைச் சுற்றி வாயில் போட்டாள். மெதுவாக மென்றாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். முதலில் புகை வந்திருக்கும். இப்போது இனிப்பு. இதோ, உறைப்பு.

“இதுவா?”

“இதுதான்.”

“சனிக்கெழமை ஆனா போன் பண்ணுவியே. பக்கத்து வூட்டுக்கு ஓடுவேன், உன் கொரலு கேக்க. நீ எடுத்த எடுப்புல இதத்தான் சொல்லுவ. எறா போட்டான், முட்டை போட்டான்னு. இங்க ரேசன் அரிசிச் சோத்துல ரசம் ஊத்தி வெச்சிட்டு வந்திருப்பேன். திரும்பிப் போறதுக்குள்ள ஆறிடும்.” இன்னொரு ரிப்பனைச் சுற்றினாள். “எத்தினி வருசம்யா காதாலயே சாப்ட்டேன். இன்னிக்கி ஒரு நாளு வாயால சாப்டறேன். வுடு.”

நான் தட்டைப் பார்த்தேன். பாதி காலி. இறால் ரெண்டுதான் பாக்கி. ஏதாவது சொல்லி மனசை இளக்கினால் ஒன்றாவது இந்தப் பக்கம் வரும் என்று வாயைத் திறந்தேன். சத்தியமாக, தந்திரமாகத்தான் ஆரம்பித்தேன்.

“கிளி, அந்தக் கடையில மேசைக்கு ரெண்டு ஸ்டூலு. எனக்கு எதிர் ஸ்டூலு காலியாவே கெடக்கும். யாராவது வந்து கேட்டா, ஆள் வருதுன்னு சொல்லுவேன். யாரும் வரப்போறதில்லன்னு தெரியும். ஆனாலும் சொல்லுவேன். நீ அந்த ஸ்டூல்ல உக்காந்து, இன்னாய்யா இது புழு மாதிரி கீதுன்னு திட்டினா எப்படி இருக்கும்னு நெனைச்சுகினே சாப்டுவேன். அந்த ஒரு ஆசைதான் கிளி. நூடுல்ஸ்கூட ரெண்டாவதுதான்.”

பாதியிலேயே என் குரல் என் பேச்சைக் கேட்கவில்லை. தந்திரம் எங்கேயோ நழுவிவிட்டது. மிச்சம் எல்லாம் நிஜமாக வந்தது.

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

“மெய்யாலுமா?”

“மெய்யாலுமே.”

“நூடுல்ஸ் ரெண்டாவதுதானா?”

“ரெண்டாவதுதான்.”

முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். என் மனசு குளிர்ந்தது. மெதுவாகக் கையை நீட்டி, தட்டின் ஓரத்தைத் தொட்டு, என் பக்கம் ஒரு விரல் அளவு இழுத்தேன்.

“அதான் எதிர்ல வந்து உக்காந்துட்டேனேய்யா, உன் ஆசை தீந்துட்ச்சி. தட்ட இந்தாண்ட தள்ளு.”