மொகேத்தி ஓட்டிய புகைப்பேய்

மசேரு நகரின் டாக்ஸி நிலையத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுத் தீர்க்கதரிசி மொகேத்தி புகைப்பேய் ஓட்டுகிறார் என்று செய்தி பரவியதுதான் தாமதம், கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஜனம் குவிந்துவிட்டது. சிகரெட்டை மனிதன் பிடிப்பதில்லையாம். நெஞ்சுக்குள் குடியிருக்கும் பேய்தான் பிடிக்கிறதாம். பாவம், கடைக்குப் போய் வாங்கிவர மட்டும் அந்தப் பேய்க்குக் கால் இல்லை போலும்!

டாக்ஸி ஓட்டும் லெபோனாவும் வரிசையில் நின்றான். வண்டி நிரம்பக் காத்திருக்கும் நேரமெல்லாம் அவன் வாயில் சிகரெட் இருக்கும். நாலு வயது மகள் லிம்போவுக்கோ மூச்சிரைப்பு. வீட்டில் புகை நாற்றமே கூடாது, குழந்தை தாங்காது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். பயந்துபோய்ப் போன மாதம் இங்கே வந்து பேயோட்டிக்கொண்டான். நாலு நாள் சிகரெட்டைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் வண்டியில் இரண்டு இருக்கை காலி. கை தானாகப் பைக்குள் போய்விட்டது. அதைத்தான் இன்று மறுபடி வந்து சொன்னான்.

"அது பேயோட தம்பி. அவனையும் ஓட்டணும். நூறு மலோட்டி காசு எடு" என்றார் மொகேத்தி.

பேய்க்குக் குடும்பம் பெரிது!

மேசைமேல் இருந்த கூஜாவிலிருந்து தெளிந்த தண்ணீரைக் குவளையில் ஊற்றினார். லெபோனா குழல் வைத்து ஊதினான். தண்ணீர் பாலாக வெளுத்தது.

"பாத்தீங்களா, பேய் இறங்கிருச்சு!"

கூட்டம் அல்லேலூயா என்று அலறியது. மேசைக்கடியிலிருந்து இன்னொரு குவளை வந்தது. அதில் ஊதினான், வெளுக்கவில்லை. குணமாகிவிட்டானாம்.

அவன் மனைவி மாலிம்போ மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். நிலையத்தில் மாவுருண்டை பொரித்து விற்பவள்.

"ஐயா, நானும் ஊதிப் பாக்குறேன்."

"உனக்கு எதுக்கும்மா? நீ சிகரெட்டே தொட்டதில்லையே!"

"அதனாலதான்."

அவளே கூஜாவிலிருந்து ஊற்றி ஊதினாள். வெளுத்தது.

"அடிப்பாவி, திருட்டுத்தனமா பிடிக்கிறியா?" என்றது கூட்டம். நம் ஜனத்துக்குத் தீர்க்கதரிசிமேல் சந்தேகம் வராது. பெண்பிள்ளைமேல் உடனே வந்துவிடும்!

அவள் வேறு குவளையில் ஊற்றி மகளிடம் நீட்டினாள். "ஊதுடி தங்கம்."

அதுவும் வெளுத்தது.

"இவ ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட்டு பிடிக்கிறா? சொல்லுங்க ஐயா!"

சுவருக்கு வெள்ளையடிக்கும் ஓர் ஆள் கூஜாவில் விரலை விட்டு நக்கிப் பார்த்தான்.

"யோவ், இது சுண்ணாம்பைக் கரைச்சுத் தெளிய வச்ச தண்ணி! யார் ஊதினாலும் வெளுக்கும்யா! மேசைக்கடியில இருந்தது வெறுந்தண்ணி!"

தீர்க்கதரிசிக்குத் திடீரென்று பின்வாசல் வழியாக ஓர் அவசர ஜெபம் வந்துவிட்டது.

லெபோனா அசடு வழிய நின்றான். "பேயே இல்லைன்னா நாலு நாள் நான் எப்படி விட்டேன்?" கேட்கும்போதே கை பையைத் துழாவியது.

"நீதான் விட்ட, லிம்போ அப்பா. சுண்ணாம்புத் தண்ணியை நம்பி நாலு நாள் இருந்தியே, உன்னை நம்பி அஞ்சாவது நாள் இருக்க மாட்டியா? கை சும்மா இருக்க மாட்டேங்குதா? வா, வந்து மாவு பிசை!"

இப்போதெல்லாம் வண்டி நிரம்பும்வரை அவன் மாவு பிசைகிறான். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும், லிம்போ இழுப்பு இல்லாமல் தூங்குகிறாள். மொகேத்தி வேறு ஊரில் கொட்டகை போட்டிருப்பதாகவும், அங்கே கூட்டம் இன்னும் அதிகம் என்றும் கேள்வி. மகாஜனங்களே, தலை இருப்பது தொப்பி மாட்ட மட்டும் இல்லை!