தைவான் கதாநாயகன் மீது ஒரு புகார்

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த குமரவேலின் வீட்டுக் கூடத்தில் ஆஜரானவர்களும் அவர்கள் அமர்ந்த இடங்களும் பின்வருமாறு: சோபாவின் ஜன்னல் பக்கம் குமரவேலின் மனைவி கல்யாணி. மறுகோடியில் மாடி வீட்டு வங்காளி மித்ரா பௌதி. பௌதி என்றால் அண்ணி; அந்தக் கட்டடம் முழுவதற்கும் அவள் அண்ணி முறை. திவானில், முழங்காலுக்குத் தலையணை கொடுத்துக்கொண்டு, அடுத்த தெரு காமு மாமி. டி.வி.க்கு நேர் எதிரே, மின்விசிறிக்கு நேர் கீழே, குமரவேலைத் தவிர யாரும் உட்கார்ந்தறியாத பிரம்பு நாற்காலியில், பாலிகஞ்சில் பியூட்டி பார்லர் நடத்தும் சீனத்து அம்மாள் மிஸஸ் லியாவ்.

குமரவேல் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் முதுகு சாய்க்க இடமில்லாத ஒரு பிரம்பு மோடாவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் டி.வி.யில் பாதியும் மிஸஸ் லியாவின் கொண்டையும் தெரியும்.

அவர் கிடர்பூரில் துறைமுக ஆபீசில் கடிதப் பிரிவைப் பார்ப்பவர். வந்த கடிதத்துக்குப் பதில் எழுதாமல் மேஜையை விட்டு எழுந்ததில்லை. அப்பேர்ப்பட்டவர் தன் வீட்டில் தன் நாற்காலியைப் பறிகொடுத்ததற்குக் காரணம் ஒரு தைவான் சீரியல். விசிடியில் வந்தது. கீழே எழுத்து ஓடும். அதுவும் சீனத்திலேயே ஓடும். ஆகவே மிஸஸ் லியாவ் ஹிந்தியில் அர்த்தம் சொல்வாள். காமு மாமிக்காகக் கல்யாணி அதைத் தமிழாக்குவாள்.

டி.வி.யில் மழை கொட்டியது. நெற்றியில் முடி விழுந்த ஒரு வாலிபன் குடையோடு வந்து நின்றான். மித்ரா பௌதி வைத்த பெயர் வெய் பாபு. அவன் ஏதோ நீளமாகப் பேசினான்.

மிஸஸ் லியாவ் டீயை ஒரு மடக்கு குடித்துவிட்டுச் சொன்னாள்: "குடை ஒண்ணுதான் இருக்கு. அது நமக்குப் பத்தக்கூடாதுன்னு வேண்டிக்கோ."

"ஆஹாஹா!" என்று பௌதி சோபாக் கைப்பிடியில் அடித்தாள்.

"என்னடி சொல்றான் முடிக்காரன்?" என்றாள் மாமி.

கல்யாணி தமிழில் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தைக் குமரவேல் பல வருஷங்களாகப் பார்க்கவில்லை. பிறகு அவள் திரும்பி, மோடாவைப் பார்த்தாள்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன், கேட்டேன். ரெண்டு பேருக்கும் ஜலதோஷம் பிடிக்கும்."

வெளிச்சம் அணைந்தது. கல்யாணி மறுபடி டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குமரவேல் டி.வி.யை முறைத்தார். சீப்பு எடுத்து ஒருமுறை வாரத் தெரியாத பயல். அவனுக்கு வெளிச்சம். மாதாமாதம் ரேஷனிலிருந்து ரயில் பாஸ் வரை கவனிக்கிறவனுக்கு இருட்டு.

"அப்படி என்னதான் இருக்கு அவன்கிட்ட?" என்று சாப்பிடும்போது கேட்டார்.

"அவன்கிட்ட ஒண்ணும் இல்லீங்க. அவன் சொல்றதுலதான் இருக்கு."

"எவனோ எழுதிக் குடுக்கறதை ஒப்பிக்கிறான்."

"எவரோ ஒருத்தர் மொதல்ல சொல்லியிருக்கணும்ல?" என்று கல்யாணி ரசத்தை ஊற்றினாள். தட்டில் பாதி, மேஜையில் பாதி.

குடைதான் பெண்களுக்குப் பிடிக்கிறது என்று குமரவேல் முடிவு செய்தார். கல்யாணி சனிக்கிழமைதோறும் புருவம் திருத்திக்கொள்ள மிஸஸ் லியாவின் பார்லருக்குப் போய், பாலிகஞ்சிலிருந்து ஒரே ஸ்டேஷன் ரயிலில் திரும்புவாள். அந்தச் சனிக்கிழமை நல்ல மழை. குமரவேல் டாக்குரியா பிளாட்பாரத்தில் போய் நின்றார். ரயிலை விட்டு இறங்கிய கல்யாணி அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். முகத்தில் அந்த வெளிச்சம் வந்தேவிட்டது. அப்புறம் அவர் கையைப் பார்த்தாள்.

"ரெண்டு குடையா?"

"ஆளுக்கு ஒண்ணு. ஒரு சொட்டு மேல படாது. காம்புல பேர் எழுதி ஒட்டியிருக்கேன், மாறிடாம."

கல்யாணி தன் பேர் ஒட்டியிருந்த குடையை வாங்கி விரித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். கெட்டநேரம், அதே ரயிலில் மித்ரா பௌதியும் வந்திருந்தாள்.

"குமார் அண்ணா ரெண்டு குடை எடுத்துட்டுப் போனாராமே!" என்று மறுநாள் கூடத்தில் அதுதான் பேச்சு. மிஸஸ் லியாவ் சிரித்த சிரிப்பில் பிரம்பு நாற்காலி முனகியது.

அன்றைக்கு வெய் பாபு, பட்டணத்துக்குப் புதிதாக வந்து இறங்கிய கதாநாயகியிடம் சொன்னான்: "இந்த ஊர் பாஷை எனக்கும் வராது. நீ ஊமையா இருக்கிற வரைக்கும் நானும் ஊமையா இருக்கேன்."

காமு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கல்யாணி திரும்பினாள். "கேட்டீங்களா?"

"வேலைக்குப் போறவன் ஊமையா இருந்தா சம்பளம் எவன் குடுப்பான்?"

இனிப் போட்டி போட்டுப் பயனில்லை. விசிடி வருவதையே நிறுத்த வேண்டியதுதான். குமரவேல் ஆபீஸ் முடிந்து கிடர்பூர் மார்க்கெட்டில் விசிடி கடை வைத்திருக்கும் முகமது இஸ்மாயிலிடம் போனார். இஸ்மாயில் காயல்பட்டினத்துக்காரர். சொன்னால் கேட்பார்.

"வாங்க சார், உட்காருங்க. வீட்ல அடுத்த செட்டு கேட்டு விட்டாங்களா?"

"இன்னும் எத்தனை செட்டு பாய் இருக்கு? எப்ப அந்தப் பயலுக்குக் கல்யாணம் ஆகும்? ஆயிட்டா முடிஞ்சிரும்ல?"

இஸ்மாயில் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "சார், இந்த சீரியல் ஜப்பான்காரன் படக்கதைப் புஸ்தகத்துலேர்ந்து எடுத்தது. அந்தப் புஸ்தகம் பதினேழு வருஷமா வாராவாரம் வருது. இன்னும் முடியலை. அங்க முடிஞ்சாத்தானே இங்க முடியும்? என் சம்சாரமும் கல்யாணத்தைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருக்கா. போன வருஷம் ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உட்கார்ந்தாங்களாம். அதுக்கே வீட்ல பிரியாணி."

பதினேழு வருஷம் மோடாவில் உட்கார்ந்திருப்பதைக் குமரவேல் நினைத்துப் பார்த்தார். முதுகு வலித்தது.

"பாய், ஒரு உதவி. அட்டை அதே அட்டையா இருக்கட்டும். உள்ளே வேற ஏதாவது வச்சுக் குடுங்க. காதல் இல்லாததா."

இஸ்மாயில் தயங்கினார். பிறகு, ஆம்பிளைக்கு ஆம்பிளை என்று, கத்திச்சண்டைப் படம் ஒன்றை எடுத்து அந்த அட்டைக்குள் செருகினார்.

அடுத்த ஞாயிறு குமரவேல் மோடாவில் மிக சந்தோஷமாக உட்கார்ந்தார். டி.வி.யில் வெய் பாபுவைக் காணோம். இடுப்பு வரை வெள்ளைத் தாடி தொங்கும் ஒரு கிழ ராஜா குதிரையில் வந்து, எதிரே வந்தவனை வெட்டினார்.

கூடம் முழுவதும் டி.வி.யை நோக்கிக் குனிந்தது.

"யாருடி இது?" என்றாள் காமு மாமி.

எல்லோரும் மிஸஸ் லியாவைப் பார்த்தார்கள். அவள் டீ குடித்தாள். கோப்பையைக் கீழே வைத்தாள். இன்னொரு பிஸ்கட் எடுத்தாள்.

"வெய் பாபுதான்," என்றாள். "போன ஜென்மம்."

"நான் சொன்னேனே!" என்று பௌதி துள்ளினாள். "இத்தனை நீளமான கதையில் பூர்வஜென்மம் வராமல் இருக்குமா? நான் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன்."

தாடி ராஜா அரண்மனைக்குள் போய், நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பணிப்பெண்ணிடம் வாளை நீட்டிக் கர்ஜித்தார். மிஸஸ் லியாவ் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"சொல்றார்... உனக்கு மீன் வாடை ஆகலைன்னா, மார்க்கெட்டைத் தாண்டறவரைக்கும் என் கைக்குட்டையை வச்சுக்கோ. நான் பேசிக்கிட்டே வரேன். நீ வாடையை மறந்துடுவே."

"சீனாக்காரிக்கு மீன் வாடை ஆகாதாமா?" என்றாள் பௌதி சந்தேகமாக.

"சில பேருக்கு ஆகாது," என்றாள் மிஸஸ் லியாவ்.

கல்யாணி இந்த முறை தமிழில் சொல்லவே இல்லை. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வெகுநேரம் குமரவேலையே பார்த்தாள்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன். வாளை நீட்டிக்கிட்டு எவனாவது கைக்குட்டை குடுப்பானா?"

கல்யாணி எழுந்து சமையலறைக்குப் போனாள். அன்று இரவு சாப்பாட்டுக்குக் காலையில் வைத்த உப்புமா கிடைத்தது.

இத்தனைக்கும் பலன் என்னவென்றால், ஒரு ஜென்மத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதாது என்று கருதி, புதன்கிழமையும் பார்ப்பதென்று நால்வரும் ஏகமனதாக முடிவெடுத்தார்கள். இஸ்மாயில் ஆபீசுக்கே போன் செய்து, "சார், உங்க வீட்டம்மா வந்து கத்திச்சண்டை மொத்தத்தையும் வாரிக்கிட்டுப் போயிட்டாங்க" என்றார். முன்பு குமரவேலுக்கு ஒரு வாலிபன் மேல்தான் பொறாமை. இப்போது ஒரு கிழவன் மேலும்.

இனிமேல் மிச்சம் இருந்தது, தனக்குக் கைவந்த ஒரே ஆயுதம். குமரவேல் கோடு போட்ட தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தைவானில் அந்த சீரியல் எடுத்த கம்பெனிக்கு, பொருள், பார்வை எல்லாம் முறைப்படி போட்டு, ஆங்கிலத்தில் எழுதினார். தமிழில் அதன் சாரம் இது:

"ஐயா, முதலாவது. தங்கள் கதாநாயகர் மழையில் குடை போதக்கூடாது என்று வேண்டச் சொல்வது சுகாதாரத்துக்குக் கேடு. இரண்டாவது. கதாநாயகிக்குப் பாஷை தெரியவில்லை என்பதற்காகத் தானும் ஊமையாக இருப்பதாக வாக்குக் கொடுப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது. மூன்றாவது, கைக்குட்டை. இம்மாதிரி வார்த்தைகளை உலகத்தில் எந்தப் புருஷனும் எந்தக் காலத்திலும் தன் மனைவியிடம் சொன்னதில்லை என்பதை என் நீண்ட இல்லற அனுபவத்திலிருந்து உறுதியாகத் தெரிவித்துக்கொள்கிறேன். கேட்கிற பெண்கள் வீணாக எதிர்பார்க்க ஆரம்பிக்கிறார்கள். ஆகவே, மேற்படி வசனங்களை எல்லா ஜென்மங்களிலிருந்தும் நீக்கி ஆவன செய்யக் கோருகிறேன்."

கல்யாணி காப்பியோடு வந்து பக்கத்தில் நின்றாள். "யாருக்கு லெட்டர்?"

"ஆபீஸ் விஷயம்."

அவள் போகவில்லை. "ஏங்க, அந்தக் கைக்குட்டை... அதைக் கேட்டப்போ உங்களுக்கு ஒண்ணுமே தோணலியா?"

"தோணினதைத்தான் எழுதிக்கிட்டிருக்கேன்," என்றார் குமரவேல்.

கல்யாணி காப்பியை வைத்துவிட்டு, ஒரு பெருமூச்சோடு பார்லருக்குக் கிளம்பினாள். சனிக்கிழமை அல்லவா.

அவள் போன சற்று நேரத்துக்கெல்லாம் குமரவேலும் கிளம்பினார். பாலிகஞ்ச் தபாலாபீசில் வெளிநாட்டுத் தபால் தலை வாங்கினார். விசிடி அட்டையிலிருந்த கம்பெனி விலாசத்தைக் கத்தரித்து உறைமேல் ஒட்டினார். கடிதத்தை மூன்றாக மடித்து உள்ளே வைத்து, ஓரம் முழுக்கப் பசை தடவி, பிரியாதபடி கட்டைவிரலால் நீவினார். வாசலில் இருந்த சிவப்புப் பெட்டியின் வாயில் நுழைத்துவிட்டார். உள்ளே போய் விழுந்த சத்தம் கேட்டது. பதினேழு வருஷமும் முதுகிலிருந்து இறங்கின மாதிரி இருந்தது.

"அங்கிள்! இங்க என்ன பண்றீங்க?"

மிஸஸ் லியாவின் மகள் லில்லி, தபாலாபீசுக்கு இரண்டு கடை தள்ளியிருந்த பார்லர் வாசலில் டவல்களை உலர்த்திக்கொண்டிருந்தாள். வெற்றி குமரவேலின் வாயைத் திறந்தது.

"உங்க அம்மாகிட்ட சொல்லு. வெய் பாபு இனிமே வாயைத் திறக்க மாட்டான். குடை, ஊமை, கைக்குட்டை, அத்தனை வசனத்தையும் எடுக்கச் சொல்லிக் கம்பெனிக்கே புகார் எழுதிப் போட்டாச்சு."

லில்லி டவலால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ அங்கிள், கம்பெனிக்கு அதெல்லாம் தெரியவே தெரியாதே! நாங்க வீட்ல பேசறது ஹக்கா, அது வேற சீன பாஷை. அந்த சீரியல் பாஷையில அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியாது, கீழே ஓடற எழுத்தும் படிக்கத் தெரியாது."

"பின்னே அந்த வசனமெல்லாம் யாரோடது?"

"உங்களோடதுதான்! கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதுசுல நீங்க சொன்னதுல ஒண்ணை ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆன்ட்டி அம்மாகிட்ட சொல்லி, 'நாளைக்கு இதை வையுங்க, இந்தத் தடவையாவது அவருக்கு ஞாபகம் வருதான்னு பார்ப்போம்'னுட்டுப் போவாங்க."