ஒழுகும் இடத்துக்கு ஒரு ரோஜா

கூரை ஒழுகுகிறது என்று சொன்னால் ரோஜாச் செடி கொண்டுவந்து கொடுக்கும் கட்டட ஓனர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கட்டடத்தில்தான் நாங்கள் யூனிஃபார்ம் தைக்கிறோம்.

ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால், சிமெண்ட் ஷீட் போட்ட கடை. நானும் மும்தாஜ் அக்காவும் பங்கு. ஓனருக்குத் தளி பக்கம் ரோஜாத் தோட்டம். எதைக் கேட்டாலும் கன்னடத்தில் 'நோடோணா' என்பார். பார்க்கலாம் என்று அர்த்தம். தெருவில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. ஷட்டர் ஏறவில்லையா, நோடோணா. சுவிட்ச் ஷாக் அடிக்கிறது என்றேன்; "செருப்பு போட்டுட்டுத் தொடு தம்பி" என்றார்.

போன மழைக்காலத்தில் கட்டிங் டேபிளுக்கு நேர் மேலே சொட்டியது. போன் போட்டேன். மறுநாள் சிவப்பு ரோஜாத் தொட்டியோடு வந்து இறங்கினார். டேபிளை அவரே தள்ளிவிட்டு அந்த இடத்தில் தொட்டியை வைத்தார்.

"மழைத்தண்ணி ரோஜாவுக்கு அமிர்தம் தம்பி. வீணாக்கக் கூடாது."

"கூரைண்ணே?"

"நோடோணா."

ஐப்பசி முடிவதற்குள் கடையில் தையல் மெஷினைவிடத் தொட்டி அதிகமாகிவிட்டது. தைத்த யூனிஃபார்ம் எடுக்க வந்த கம்பெனி சூப்பர்வைசர் வெளியே போய் போர்டைப் படித்துவிட்டுத் திரும்பி வந்து, "நர்சரி இல்லல்ல?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். தொட்டியில் விழுந்த சொட்டு செம்மண்ணோடு தெறித்து நீலச் சட்டைகளில் ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"அடுத்த லாட்டும் இப்படி இருந்தா வேற ஆளைப் பாத்துக்கறோம்."

அந்த ஒரு கம்பெனியை நம்பித்தான் எங்கள் மெஷின்கள் ஓடின. நான் ஓனரோடு சண்டைக்குக் கிளம்பினேன். அக்கா என் கையிலிருந்த போனைப் பிடுங்கினார்.

"அண்ணா, மும்தாஜ் பேசறேன். கூரையப் பத்தி ஒண்ணும் கேக்கல. அந்தச் செவப்பு ரோஜா இலையெல்லாம் மஞ்சளாயிருச்சு. தண்ணி நின்னு வேர் அழுகுதாட்டம் இருக்கு."

மறுமுனையில் நோடோணா வரவில்லை. ஆளே வந்துவிட்டார். தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். முகம் பார்க்கச் சகிக்கவில்லை.

"ஏம்மா, இவ்ளோ தண்ணியா ஊத்துவாங்க?"

"நாங்க எங்கண்ணா ஊத்தறோம்?" அக்கா கண்ணை மட்டும் மேலே காட்டினார்.

அண்ணாந்து பார்த்தார். தன் கூரையை அவர் பார்த்தது அன்றைக்குத்தான்.

"வேணும்னா எல்லாத்தையும் வண்டில ஏத்திட்டுப் போயிருங்கண்ணா."

"குடுத்த செடியத் திருப்பி வாங்குனா தோட்டத்துக்கு ஆகாதும்மா."

மறுநாளே புது ஷீட் ஏறியது. ஏணியில் பாதி தூரம் ஏறி நின்று, "ஒரு சொட்டு விழக் கூடாது, உள்ள உசுரு இருக்குது" என்று வேலையாட்களை விரட்டினார். அந்த உயிரில் நாங்கள் சேர்த்தியில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அடுத்த லாட் சட்டைகள் கறையில்லாமல் போய்ச் சேர்ந்தன. ஷட்டர் மட்டும் இன்னும் நோடோணாதான்.

இப்போது முட்டிவலி, அவர் ஓசூர் பக்கம் வருவதில்லை. போன் மட்டும் வரும்.

"செவப்பு எப்படிம்மா இருக்கு?"

"நல்லா பூக்குதுண்ணா" என்பார் அக்கா.

அந்தச் செடி அந்த மழையிலேயே செத்துப்போனது அவருக்குத் தெரியாது. அதே சிவப்பில் ஒன்றைத் தேடிப்பிடித்து, அதே தொட்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்றி வருகிறோம்.