பத்தரை அடி மேஜையும் மூணரை அடிக் கதவும்

போன வாரம் எனக்கு இருந்தது ஒரே வேலைதான். பள்ளிக்கூடத்துக்கு ஒரு வட்ட மேஜை செஞ்சு வாங்கணும்.

நான் புதுச்சத்திரம் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில தற்காலிக வாத்தியார். நாலாம் வகுப்பு. இருபத்திரண்டு பிள்ளைங்க. என் குரல் ரெண்டாவது பெஞ்சைத் தாண்டினதா இதுவரைக்கும் தகவல் இல்லை.

அதனால வாத்தியாருங்க பயிற்சியில, "இனிமே வாத்தியார் பேச்சைக் குறைக்கணும். பிள்ளைங்க வட்டமா உக்காந்து, அவங்களே பேசி, செஞ்சு பார்த்துப் படிக்கணும்"னு சொன்னப்போ, அங்க அதிகமாத் தலையாட்டினது நான்தான்.

எங்க எச்.எம். அம்மாவுக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. "வெள்ளிக்கிழமை அதிகாரி வாராருங்க தம்பி. அவருக்குப் புடிச்சா வட்டம். புடிக்கலீன்னா பழையபடி வரிசை பெஞ்சு. நீங்க போர்டு முன்னாடி நின்னு கத்தோணும்."

கத்துறதா? நானா? அன்னிக்கு சாயங்காலமே கிளம்பிட்டேன்.

ஆசாரிக்கு நேரமில்லை. என் வகுப்புல படிக்கிற கவினோட அப்பா பழனியப்பண்ணன், ஹைவேஸ் ஓரத்துல லாரிக்கு பாடி கட்டுறவர். "பள்ளிக்கூடத்துக்குத்தானுங்க, சும்மாவே செஞ்சு தாரேன்"னுட்டார்.

"எத்தனை டன் தாங்கோணும் சாமி?"

"டன்னெல்லாம் இல்லீங்கண்ணா. பிள்ளைங்க சுத்தி உக்காந்து எழுதுவாங்க."

"மேல ஏற மாட்டாங்களா?"

யோசிச்சேன். "ஏறுவாங்க."

"அப்புறம்?"னு சொல்லிக்கிட்டே இரும்பு சேனலை எடுத்தார்.

அடுத்து அளவு. "ஆளுக்கு ஒன்றரை அடி. இருபத்திரண்டு பேரு. சுத்தளவு முப்பத்திமூணு. அப்படின்னா குறுக்க பத்தரை அடி. சரிதானுங்களே?"

மனசுக்குள்ள பெருக்கி, வகுத்துப் பார்த்தேன். கணக்கு சரி. தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலைல லாரியில சாய்ச்சு வெச்சு மேஜை வந்தது. சுத்தி மஞ்சப் பெயிண்ட், ரெண்டு தாமரை, இருட்டுல மின்னுற சிவப்பு ஸ்டிக்கர். எட்டுப் பேர் தூக்கிட்டு வந்து வகுப்பு வாசல்ல நின்னாங்க.

நின்னுக்கிட்டே இருந்தாங்க.

கதவு அகலம் மூணரை அடி. நிமிர்த்திப் பார்த்தாங்க. கதவு உயரம் ஏழடி.

பழனியப்பண்ணன் அந்தக் கதவை இப்பத்தான் யாரோ கண்டுபுடிச்ச மாதிரி பார்த்தார். "எங்க பட்டறையில கதவே கெடையாதுங்க. எனக்கு அந்த ரோசனையே வரலை. நீங்க தெனம் இதுக்குள்ள போயிட்டு வர்றவரு. உங்களுக்காச்சும் வந்திருக்கோணும்."

நியாயம்தான்.

அந்த நேரம் பார்த்து அதிகாரி ஜீப் உள்ள வந்தது. நான் மெதுவா தண்ணித் தொட்டி ஓரமா ஒதுங்கிட்டேன்.

பிள்ளைங்க ஒதுங்கலை. பர்வீன் ஸ்கேலை எடுத்துட்டு, வாசல்ல இறக்கி வெச்ச மேஜை மேல ஏறினா. பின்னாடியே இன்னும் ஆறு பேர். மேஜை அசையலை. பழனியப்பண்ணன் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ரெண்டா அறுத்தா பாதி அஞ்சேகால் அடிதான் வரும். நிமித்தி வெச்சுத் தள்ளிரலாம்"னா பர்வீன்.

"எங்கப்பா செஞ்சதை அறுக்க உட மாட்டேன். செவுத்தைப் பேத்துரலாம்"னான் கவின்.

"செவுத்தை உங்கப்பாதான் கட்டித் தருவாரா?"

சண்டை கால் மணி நேரம் நடந்தது. கதவை அளந்தாங்க, நிழலை அளந்தாங்க, எச்.எம். அம்மாவையும் அளந்தாங்க.

அதிகாரி கையைக் கட்டிக்கிட்டு எல்லாத்தையும் பார்த்தார். "இந்தப் பாடத்தை யாரு திட்டம் போட்டது?"

எச்.எம். அம்மா திருடனைக் காட்டிக் குடுக்குற மாதிரி என்னைக் கை காட்டினாங்க. "இவருதானுங்க."

"பிரமாதங்க. பிள்ளைங்களே அளக்குறாங்க, வாதாடுறாங்க. நீங்க ஒரு வார்த்தை குறுக்க பேசலை பாருங்க, அந்தப் பொறுமை யாருக்கு வரும்?"

"அப்ப வட்டமேதானுங்களா சார்?"னு கேட்டேன்.

எச்.எம். அம்மா அதைச் சத்தமா ஒருக்கா திருப்பிச் சொன்னாங்க.

"வட்டமேதான்"னார் அதிகாரி. "செவ்வாய்க்கிழமை பன்னண்டு பள்ளிக்கூடத்து வாத்தியாருங்களைக் கூட்டிட்டு வாரேன். அது வரைக்கும் மேஜையைத் தொடாதீங்க. வகுப்புல வாத்தியார் பேசாம இருக்குறது எப்படின்னு, நீங்க அவங்களுக்கு ஒரு மணி நேரம் பேசிருங்க."

மைக் உண்டுங்களான்னு கேட்டேன். அவர் காதுல விழலை.